கூடையை இறக்கிய பிறகு: தோட்டத்துப் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கும் முறை

வலப்பனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் முதல் வகுப்பை வழக்கம்போலப் பாதஹஸ்தாசனத்தில் தொடங்கினேன். முன்வரிசையில் நின்ற அக்கா பாதியில் நிமிர்ந்துவிட்டார். "நாள் பூரா மலையில குனிஞ்சுதான் நிக்கிறோம். இங்கயும் குனியச் சொல்றீங்களே டீச்சர்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான் யோகாவோடு சோமட்டிக்ஸ் அசைவுகளையும் சீன மருத்துவத்தின் அழுத்தப் புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டேன். இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் வகுப்பெடுக்க நினைப்பவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

இவற்றில் யோகாவும் சீன மருத்துவமும் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1953இல் இலங்கை வந்த சுவாமி சச்சிதானந்தா கண்டியில் ஆச்சிரமம் வைத்து யோகா கற்பித்தார். களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் சிகிச்சை செய்தார். சோமட்டிக்ஸ் என்ற பெயர் மட்டும் பிந்தியது. அமெரிக்கரான தோமஸ் ஹன்னா 1976இல் வைத்தது.

வகுப்புக்கு முன் ஒருநாள் மலைக்குப் போய்ப் பாருங்கள். கூடைக் கயிறு உச்சந்தலையில் விழுகிறது. பாரம் தலையைப் பின்னுக்கு இழுக்க, கழுத்து முன்னுக்கு நீண்டு தாங்குகிறது. சரிவில் நிற்பதால் ஒரு கால் எப்போதும் மடங்கியிருக்கிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் ஓயாமல் கிள்ளுகின்றன. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு (நாட்கூலிக்கு) 18 கிலோ அளவில் கொழுந்து கேட்கிறார்கள். எந்த ஆசனம் வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் நாலு பேர் கூடப் படுக்க முடியாது. கோயில் மண்டபத்தையோ பிள்ளைக்காம்பராவையோ கேட்டு வாங்குங்கள். விரிப்புக்குக் கழுவிக் காயவைத்த சாக்கு போதும். அந்தி நிறுவை முடிந்து வருபவர்களுக்கு அடுப்பு காத்திருக்கிறது. அரைமணிக்கு மேல் பிடித்துவைக்காதீர்கள். கர்ப்பமா, பிரஷர் உண்டா, எழும்பும்போது தலை சுற்றுமா, கண்ணில் நோயுண்டா என்று ஒவ்வொருவரிடமும் தனியே கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் உண்மை வராது. இரத்தச்சோகை உள்ளவர்களைப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுப்ப வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, சற்று உட்கார்ந்து, பிறகு எழும்பட்டும்.

முதல் பத்து நிமிடம் சோமட்டிக்ஸ். தொடர்ந்து பாரம் தாங்கும் தசை இறுகியபடியே கிடக்கிறது, அதைத் தளர்த்தும் வழி மூளைக்கு மறந்துபோகிறது என்பது ஹன்னாவின் விளக்கம். அதனால் இழுத்து நீட்டுவதில்லை. இறுகிய தசையை நாமாகவே இன்னும் கொஞ்சம் இறுக்கி, பிறகு மிக மெதுவாக விடுகிறோம். இதற்குப் புதுப்பெயர் தேட வேண்டாம். தூங்கி எழுந்த பூனை சோம்பல் முறிப்பதைச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கச் சொல்லுங்கள் (மாதம் ஏறிய கர்ப்பிணிகள் இடப்பக்கம் சாய்ந்து படுத்து மூச்சை மட்டும் கவனிக்கட்டும்). தோள்களைக் காதுவரை உயர்த்தி, எட்டு எண்ணும்வரை மெல்ல இறக்க வேண்டும். மூன்று முறை. அடுத்து, தலைக்குக் கீழே கோத்த கைகளில் தலையை இலேசாக அழுத்தி, மெல்ல விட வேண்டும். பிறகு இடுப்பு: மூச்சை இழுக்கையில் கீழ்முதுகு சற்று உயரட்டும், விடுகையில் தரையில் படியட்டும். வேகமாகச் செய்தால் பலன் இல்லை. நீங்களே எண்ணிக்கொடுங்கள்.

உடல் இப்படி இளகிய பிறகு ஆசனம். குனியும் ஆசனங்களை முதல் சில வாரங்களுக்குத் தொடவே வேண்டாம். முழங்கைகளை ஊன்றிய தாழ்ந்த புஜங்காசனம், சேதுபந்தாசனம், சுவரில் முதுகு சாய்த்த தாடாசனம் ஆகியவை போதும். கொழுந்து கிள்ளிய மணிக்கட்டில் மறுபடி பாரம் ஏற்றக் கூடாது என்பதால்தான் முழங்கை. கடைசியில் சுவரில் கால்களைத் தூக்கி வைக்கும் விபரீதகரணி, மூன்று நிமிடம். சரிவில் நின்ற கால்களுக்கு இதைப்போல இதமானது வேறில்லை. பிரஷர், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும்.

மிச்ச நேரம் புள்ளிகளுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 361 புள்ளிகள் உள்ளன. வகுப்புக்கு இரண்டு போதும். முழங்கால் சில்லுக்கு நாலு விரல் கீழே, முன்னெலும்புக்குச் சற்று வெளியே இருப்பது சூசான்லி. அதை அழுத்தினால் களைத்த கால் இன்னும் மூன்று லீ தூரம் நடக்கும் என்று சீனர்கள் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள்; மேட்டு லயத்துக்கு ஏறிப்போகிறவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடித்துவிடும். மற்றது ஹேகு: பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவேயுள்ள சதை, கொழுந்து கிள்ளிக் களைக்கும் அதே இடம். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம், மூச்சோடு, தாங்கும் அளவுக்கு அழுத்தட்டும். ஹேகுவைக் கர்ப்பிணிகள் அழுத்தக் கூடாது என்பது சீன மரபின் விதி, அப்படியே கடைப்பிடியுங்கள். ஊசி உங்கள் வேலையே அல்ல.

சீன மருத்துவம் பருவங்களை உறுப்புகளோடு பொருத்தும். அந்த அட்டவணை அவர்களுடைய வசந்தத்துக்கும் பனிக்கும் எழுதியது, வடகீழ்ப் பருவமழை கொட்டும் நம் மலைக்கு அல்ல. ஆனால் குளிரும் ஈரமும் மூட்டில் இறங்கி வலியாகிறது என்று அவர்கள் சொல்வதை நம் பாட்டிமாரும் சொல்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் உள்ளங்கைகளைத் தேய்த்து முழங்கால்களில் வைத்துச் சூடேற்றிய பிறகே தொடங்குங்கள்.

சீனர் உயிராற்றலுக்குச் சொல்லும் சீயும் நம் பிராணனும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தவர்கள் உண்டு. யப்பானிய அறிஞர் ஹிரோஷி மோட்டோயாமாவிடம் படித்த போல் கிரில்லி அந்த எண்ணத்தை யின் யோகாவுக்குள் கொண்டுவந்தார். அது ஒரு கருத்து, நிரூபணம் அல்ல. "இது சீன மரபு, இது யோகா" என்று பிரித்துச் சொன்னால் யாரும் மதிப்பைக் குறைக்கப் போவதில்லை.

வலி தீரும் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். இரவில் விரல்கள் மரத்து எழும்புகிறவர், கிள்ளும் பிடி தளர்ந்தவர், இடுப்பிலிருந்து பாதம்வரை வலி இறங்குகிறவர் வகுப்பில் இருந்தால், அவருக்கு வேண்டியது வைத்தியர். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள்; அவர்கள் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பினால், பேர் போய்விடும் என்று அவர் தயங்குவார். அன்றைக்கு நீங்களும் அவரோடு பஸ் ஏறுங்கள்.