தந்தை வழியிலும் வரும் சினைப்பைப் புற்று

மண்டகப்பட்டு

அன்புள்ள கயல்விழி,

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. நோய் கண்டவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவரிடம்தான் பிறவியிலேயே வந்த மரபணுப் பழுது காணப்படுகிறது. மற்றவர்களுக்கு, வயது ஏற ஏற உயிரணுக்களில் சேரும் பிழைகளே காரணம்.

பரம்பரைப் பழுதில் முதலிடம் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்களுக்கு. முன்னது 17-ஆம் குரோமோசோமில் உள்ளது, 1994-இல் கண்டறியப்பட்டது. பின்னது 13-ஆம் குரோமோசோமில். அடுத்த ஆண்டே அகப்பட்டது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுந்தால் பிழையின்றி இணைப்பது இவற்றின் புரதங்களுக்குரிய வேலை. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று பழுதாகவே பிறந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஏதோ ஓர் உயிரணுவில் அதுவும் கெட்டுப்போனால் பிழைகள் குவியத் தொடங்கும். பெயர்தான் சினைப்பைப் புற்று; ஆனால் இவ்வகை நோய் பலருக்கும் கருக்குழாயின் நுனியில்தான் முளைவிடுகிறது. பொதுவாகப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வாழ்நாளில் வரும் நோய், பிஆர்சிஏ1 பழுதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு வருகிறது.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தென்னிந்தியப் பெண்களிடம் இந்த மரபணுக்களை ஆராய்ந்திருக்கிறது. 2009-இல் வெளியான அதன் ஆய்வில் '185டெல்ஏஜி' என்ற பிஆர்சிஏ1 பிழை அடிக்கடி தென்பட்டது. டிஎன்ஏவில் ஏ, ஜி என இரண்டே எழுத்துகள் விடுபடுகின்றன. அதற்குப்பின் வாசிப்பு முழுவதும் பிசகி, புரதம் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் பரவலாக அறியப்பட்ட அதே பிழை இங்கும் காணப்பட்டது வியப்புக்குரியது.

ஊர்ப்பக்கம் பரம்பரை நோய் என்றாலே சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பார்கள். இதற்கு அது பொருந்தாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரே ஒரு பழுதான பிரதி வந்தாலே ஆபத்து கூடிவிடும். பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், அது கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணுக்குச் சினைப்பை இல்லாததால் பழுது வெளியே தெரியாமல் மகளுக்குப் போய்ச் சேரும். மருத்துவர் குடும்ப விவரம் கேட்கையில் அம்மாவையும் சித்தியையும் சொல்லிவிட்டு அத்தையையும் அப்பாயியையும் விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. மார்பகப் புற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சினைப்பைப் புற்றைத் தரும் மற்றொரு பரம்பரைப் பழுதான லிஞ்ச் நோய்க்குறியில் குடல், கருப்பைப் புற்றுகளும் கணக்கில் வரும்.

பரிசோதனையை, இயன்றவரை, நோய் கண்டவரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவரிடம் பிழை இன்னதென்று தெரிந்தால் உறவினரிடம் அதை மட்டும் தேடினால் போதும். ஸ்கேனும் சிஏ-125 இரத்தப் பரிசோதனையும் இந்நோயால் நேரும் இறப்பைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. அதனால் பிஆர்சிஏ1 பழுதுள்ள பெண்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்தபின், 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிவிடப் பரிந்துரைக்கிறார்கள். பிஆர்சிஏ2 என்றால் சில ஆண்டுகள் பொறுக்கலாம்.

அன்புடன்,
மாமா