செய்தி வழிகளின் உரைகல்

பொன் வாங்குவோர் அதன் நிறத்தை மட்டும் கண்டு நம்புவதில்லை. உரைகல்லில் உரைத்து மாற்றறிந்த பின்னரே விலை பேசுகின்றனர். சந்தையில் மட்பானை வாங்கும் மூதாட்டி அதனை விரலால் தட்டி, எழும் ஓசையைச் செவிமடுத்து, விரிசல் உண்டா இல்லையா என்பதை அறிந்துகொள்கிறாள். மருத்துவனும் நாடி பார்த்த பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுகிறான். கண்ணுக்குப் புலப்படாத குறையை, அது தீங்கு விளைப்பதற்கு முன்னரே வெளிப்படுத்துவதே சோதனையின் பயனாகும்.

இந்நாளில் மக்கள் வாழ்வைத் தாங்கி நிற்பனவற்றுள் தொலைத்தொடர்பு வலையமைப்பும் ஒன்று. அலைபேசியில் ஒருவர் பேசும் சொல் வானலையாக மாறிக் கோபுரத்தை அடைகிறது. அங்கிருந்து கண்ணாடியிழையில் ஒளியாக ஓடுகிறது. வழியிலுள்ள கணிப்பொறிகள் பலவற்றைக் கடந்து, மீண்டும் வானலையாகி மற்றொருவர் செவியில் ஒலிக்கிறது. இவ்வளவும் ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் நிகழ்கின்றன. நள்ளிரவில் நோயுற்ற தாயின் பொருட்டு 108 என்னும் எண்ணை அழைக்கும் மகன் இவ்வழியை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அவ்வழியில் ஓரிடம் பழுதுற்றிருந்தால் அவன் குரல் எவரையும் சென்று சேராது. அத்தகைய பழுதுகளைத் தேடிக் காண்பதற்கென்றே கருவிகளும், அவற்றைக் கையாளும் வல்லுநரும் உளர். இக்கலை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பது அறியத்தக்கது.

அதனை அறிய, 1858ஆம் ஆண்டிற்குச் செல்லுதல் வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், அயர்லாந்தின் வாலன்சியா தீவிலிருந்து வட அமெரிக்காவின் நியூபவுண்டுலாந்து வரையில், அட்லாண்டிக் மாகடலின் அடியில் தந்தி வடம் ஒன்று இடப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2000 மைல். ஆகஸ்டு 16ஆம் நாள் விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு வாழ்த்துச் செய்தி விடுத்தார். 98 சொற்களே கொண்ட அச்செய்தி சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. எனினும் மக்கள் மகிழ்ச்சி கரைபுரண்டது. வாணவேடிக்கைகள் வானை நிறைத்தன.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. கடலைக் கடந்து வரும் மின்னோட்டம் மிகவும் மெலிந்திருந்தது. அதனைக் கையாளும் முறையில் இருவர் மாறுபட்டனர். ஒருவர் வைல்டுமன் வைட்ஹவுஸ்; அறுவை மருத்துவராக இருந்து மின்னியலைத் தாமே பயின்றவர். மற்றவர் கிளாஸ்கோப் பல்கலைக் கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன். குறி மெலிந்து வருமாயின் மின்னழுத்தத்தை மிகுத்து உந்த வேண்டும் என்பது வைட்ஹவுஸின் கொள்கை. குறி எவ்வளவு மெலிந்ததாயினும் அதனை உணரத்தக்க நுண்ணிய கருவி வேண்டும் என்பது தாம்சனின் கொள்கை.

தாம்சன் அத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். மிகச் சிறிய ஆடி ஒன்றின் பின்புறத்தில் நுண்ணிய காந்தங்களை ஒட்டி, அதனைக் கம்பிச் சுருளின் நடுவே பட்டிழையால் தொங்கவிட்டார். விளக்கின் ஒளி ஆடியில் பட்டு, எதிரேயுள்ள அளவுகோலின்மீது ஒரு புள்ளியாக விழும். சுருளில் இம்மியளவு மின்னோட்டம் பாயினும் ஆடி திரும்பும். ஒளிப்புள்ளி இடமோ வலமோ நகரும். வடத்தின் நாடியைக் காட்டும் கருவியாக அது விளங்கிற்று.

வைட்ஹவுஸோ 2000 வோல்ட்டு அளவினதாகக் கூறப்படும் மின்னழுத்தத்தை வடத்தினுட் செலுத்தினார். வடத்தைச் செய்த முறையிலும் பேணிய முறையிலும் முன்னரே குறைகள் இருந்தன. அவற்றைத் தேடிக் கண்டவர் இலர். நலிந்த உடலின்மேல் பெருஞ்சுமையை ஏற்றியது போலாயிற்று. செப்டம்பர்த் திங்களில் வடம் பேச்சிழந்தது. பெரும்பொருளும் பெருமுயற்சியும் கடலடியில் புதைந்தன.

அத்தோல்வியை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கை, கடல்வடங்களைச் செய்வதற்கும் சோதிப்பதற்கும் நெறி காட்டிற்று. அவ்வாண்டிலேயே பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் மின்தடைக்கு நிலையான அளவு ஒன்றை வகுக்கத் தொடங்கியது. ஓம் என்று இன்று வழங்கும் அளவு அம்முயற்சியின் வழி வந்ததே. அளவுகோல் இல்லாத நாட்டில் வணிகம் இல்லை. அளவு இல்லாத இடத்தில் சோதனையும் இல்லை.

ஒரு மைல் வடத்தின் மின்தடை இவ்வளவு என்று முன்னரே அளந்து குறித்து வைத்தால், வடம் பழுதுறும்போது அது பெரிதும் உதவும். கரையில் இருந்தவாறே பழுதுற்ற வடத்தின் தடையை அளந்து, ஒரு மைலுக்குரிய தடையால் வகுத்தால், பழுது எத்தனை மைலுக்கு அப்பால் உள்ளது என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். கடலின் அடியைக் காணாமலே அங்குள்ள புண்ணைக் காணும் திறன் இவ்வாறு மனிதனுக்குக் கிட்டியது.

பின்னர் இடப்பட்ட வடங்கள் நீருள் அமிழ்த்திச் சோதிக்கப்பட்டன. கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பல் வடத்தைக் கடலில் இறக்கிச் செல்லும்போதும் கப்பலிலும் கரையிலும் ஒளிப்புள்ளியை இடையறாது கண்காணித்தனர். 1866ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் அவ்வடம் நியூபவுண்டுலாந்துக் கரையை அடைந்தது. முந்திய ஆண்டில் அறுந்து கடலில் வீழ்ந்த மற்றொரு வடமும் மீட்கப்பட்டு முழுமை பெற்றது. அப்போது லாட்டிமர் கிளார்க் என்னும் பொறியியலார் அவ்விரு வடங்களையும் நியூபவுண்டுலாந்தில் இணைக்கச் செய்து, வாலன்சியாவில் இருந்துகொண்டு, தையற்காரர் விரலில் அணியும் வெள்ளிக் கவசத்துள் சிறிது அமிலமும் துத்தநாகத் துண்டும் இட்டு மின்கலம் அமைத்தார். அதில் பிறந்த மின்னோட்டம் ஏறத்தாழ 3700 மைல் சென்று மீண்டு ஒளிப்புள்ளியை அசைத்தது. இரண்டாயிரம் வோல்ட்டு செய்யாததை விரற்கவசம் செய்து காட்டியது. வழி நலமாக இருப்பின் வலிந்து உந்த வேண்டுவதில்லை என்னும் உண்மை அன்று நிலைபெற்றது.

செம்புக் கம்பியின் இடத்தை இன்று பெரும்பாலும் கண்ணாடியிழை பெற்றுள்ளது. மயிரிழையை ஒத்த அதில் செய்தி ஒளியாகச் செல்கிறது. அதனைச் சோதிக்கும் முறை ஒன்றினை 1976ஆம் ஆண்டில் பார்னோஸ்கி, ஜென்சன் என்னும் இருவர் வெளியிட்டனர். மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி வருமன்றோ? அவ்வாறே இழையினுள் சிறிய ஒளித்துடிப்பைச் செலுத்தினால், இழையின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் அதன் ஒரு சிறு கூறு திரும்பி வரும். திரும்பி வர ஆகும் நேரம் தொலைவைக் காட்டும். வரும் ஒளியின் அளவு இழையின் நலத்தைக் காட்டும். கண்ணாடியிழையில் ஒளி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எதிரொளி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் மீளுமாயின், அது 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது என்பது கணக்கு. மண் தோண்டும் பொறி எங்கோ ஒரு சாலையோரத்தில் இழையை அறுத்துவிட்டால், பணியாளர் வழியெங்கும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஓ.டி.டி.ஆர். என்று அவர்கள் வழங்கும் இக்கருவி காட்டும் தொலைவினுக்கே நேராகச் செல்கின்றனர்.

வழி அறுபடாமலிருந்தும் செய்தி தடைப்படுவது உண்டு. இணையம் செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்புகிறது. 1986ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்காவின் பெர்க்கிலி நகரில், ஏறத்தாழ 400 கஜமே இடைவெளியுள்ள இரண்டு நிலையங்களுக்கிடையே விந்தையான நோய் ஒன்று கண்டது. வினாடிக்கு 32,000 துணுக்குகள் சென்ற வழியில் 40 துணுக்குகளே செல்லலாயின. எண்ணூறில் ஒரு பங்காகச் செலவு சுருங்கிற்று, கம்பியோ அறுபடவில்லை.

வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் பொதிகளின் போக்கை அளந்து ஆராய்ந்தார். பொதி ஒன்று சென்று சேரவில்லை எனின் கணிப்பொறி அதனை மீண்டும் அனுப்பும், நெருக்கடி மிகும், மேலும் பல பொதிகள் இழக்கப்படும், அவையும் மீண்டும் அனுப்பப்படும். குறுகிய வாயிலில் முட்டி மோதும் கூட்டத்தின் நிலையே அது. அன்று வைட்ஹவுஸ் செய்த பிழையை இங்கே கணிப்பொறிகள் செய்தன. ஒவ்வொரு கணிப்பொறியும் சிறிதாகத் தொடங்கி, சேர்ந்தமைக்கு விடை வரவரப் போக்கை மிகுத்து, இழப்பு நேர்ந்ததும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஜேக்கப்சன் கண்ட மருந்து. 1988ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அம்முறையின் வழித்தோன்றல்கள் இன்றும் இணையத்தைக் காத்து வருகின்றன.

இணையத்தைச் சோதிப்போர் இதனால் மூன்றினை அளக்கின்றனர்: பொதி செல்ல ஆகும் காலம், அக்காலத்தில் உண்டாகும் ஏற்றத்தாழ்வு, வழியில் இழக்கப்படும் பொதிகளின் அளவு. பேச்சு ஒருபுறமிருந்து மறுபுறம் செல்ல 150 மில்லி வினாடிக்கு மேற்படலாகாது என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காட்டும் நெறி. காலம் மிக நீண்டால், இருவரும் ஒரே வேளையில் பேசி, இருவரும் ஒரே வேளையில் நிறுத்தி இடர்ப்படுவர்.

சோதனை செய்தோம் என்னும் மனநிறைவும் சில வேளைகளில் தீங்காகும். 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி அமைப்பு ஏறத்தாழ 9 மணி நேரம் நிலைகுலைந்தது. நியூயார்க்கிலிருந்த இணைப்புப் பொறி ஒன்று சிறு பழுதுற்று, தன்னைத் தானே சீர்செய்துகொண்டு, அண்டைப் பொறிகளுக்குத் தன் நலத்தை அறிவித்தது. அவ்வறிவிப்பே அவற்றை நிலைகுலையச் செய்தது. அவை தேறி அறிவித்தபோது மற்றவை நிலைகுலைந்தன. இங்ஙனம் 114 பொறிகளிலும் அந்நோய் பரவிற்று. சில வாரங்களுக்கு முன் புதிதாக ஏற்றப்பட்ட கட்டளை நிரலில் ஒரே ஓர் ஆணை இடம் மாறியிருந்ததே காரணம். அந்நிரலும் சோதிக்கப்பட்டதே, ஆனால் அறிவிப்புகள் இரண்டு அடுத்தடுத்து விரைந்து வரும் நிலை சோதனையிற் சிக்கவில்லை. இதனால் இக்காலச் சோதனைக் கூடங்களில், ஆயிரக்கணக்கான அலைபேசிகள் ஒருங்கே அழைப்பது போன்ற நிலையைக் கருவிகளால் உண்டாக்கிப் பார்க்கின்றனர். திருவிழாக் கூட்டமும் பேரிடர் நாளின் பதற்றமும் அக்கூடத்தில் முன்னரே நடித்துக் காட்டப்படுகின்றன.

அலைபேசிக்கோ கூடத்தின் சோதனை மட்டும் போதாது. வானலை மலையில் மறையும், மாடங்களில் மோதிச் சிதறும், மரச்செறிவில் மெலியும். ஆதலின் அளக்கும் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சோதனையாளர் ஊர் ஊராகச் செல்கின்றனர். கருவி வழிநெடுக அலையின் வலிமையை அளந்து, இடத்தோடு சேர்த்து நிலப்படத்தில் குறிக்கிறது. ஒரு வாட்டு மின்திறனை நூறு இலட்சங்கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறளவு மெல்லிய அலையையும் அது உணரவல்லது. எங்கே பேச்சு அறுபடுகிறது, ஒரு கோபுரத்திலிருந்து மற்றொரு கோபுரத்திற்கு அழைப்பு மாறும்போது எங்கே தவறுகிறது என்பன யாவும் அப்படத்தில் தெரியும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய சோதனைகளை நடத்துவித்து அவற்றின் முடிவுகளை மக்களுக்கு வெளியிடுகிறது.

புதிய கருவிகளைச் செய்வோர்க்கும் சோதனைக் களம் வேண்டும். ஐந்தாம் தலைமுறை அலைபேசி அமைப்புக்கென, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தலைமையேற்க, எட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த சோதனைக் களம் 2022ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. தம் ஆக்கங்களைச் சோதிக்க அயல்நாட்டை நாட வேண்டிய நிலையை மாற்றி, உள்நாட்டிலேயே உரைத்துப் பார்க்க அது வகை செய்தது.

கருவி எத்துணை நுண்ணியதாயினும் அதனைக் கையாள்பவனின் நேர்மையே அதற்கு உயிர். கோபுரத்தின் அடியில் நின்று அளந்துவிட்டு, ஊர் முழுதும் அலை நன்றாக உள்ளது என்று எழுதுவது எளிது. ஆனால் உரைகல்லின் கடமை பொன்னைப் புகழ்வதன்று, மாற்றைக் காட்டுவது. நல்ல சோதனையாளன் அலை நிறைந்த பெருந்தெருவில் நிற்பதோடு அமையாமல், அது மெலியும் மலைச்சரிவையும் கடைக்கோடிச் சிற்றூரையும் தேடிச் செல்வான். தான் கண்ட குறையை உள்ளவாறே குறிப்பான். நள்ளிரவில் 108ஐ அழைக்கும் அம்மகன் அவனை ஒருநாளும் அறியப் போவதில்லை. ஆயினும் மறுமுனையில் விடை கூறும் குரல் எழும்போது, அவன் ஆற்றிய பணி தன் பயனைப் பெற்றுவிடுகிறது.