மனைக்கண் ஒரு மேகம்

நெல் விளைவிப்போன் அதனைத் தன் குதிரில் இடலாம். அன்றிக் கூலி கொடுத்துப் பிறன் பண்டகசாலையில் வைக்கலாம். தன் குதிரில் இடுவோன் எலிக்கும் ஈரத்துக்கும் தானே காவலனாதல் வேண்டும். பிறன்பால் வைப்போன் அவன் கதவு திறக்கும் வேளைக்கும் அவன் கேட்கும் கூலிக்கும் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும். இக்காலத்து நம் கடிதம், நிழற்படம், பாடக் குறிப்பு ஆகியவற்றின் நிலையும் இதுவே. அவற்றைத் தம் மனையிலேயே வைத்துப் பேண விரும்பும், கணிப்பொறி நூல் கல்லாத நண்பர்க்கு வழி கூறுதலே இவ்வுரையின் நோக்கம். யானும் தமிழ் பயிலும் மாணவனே. ஆதலின் யான் கற்ற முறையிலேயே கூறுவேன்.

மேகம் என்பது யாது?

'கிளவுட்' என்பதற்கு மேகம் என்று பொருள். பெயர் கேட்டு அது வானத்தில் உளதென மயங்கற்க. பிறர் கட்டடத்தில், பிறர்க்கு உரிய கணிப்பொறியே அது. பிரான்சு நாட்டு ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்று 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் படி வையாதார் பலர் தம் பொருளை இழந்தனர். மைஸ்பேஸ் நிறுவனம் தன் சர்வர்களை மாற்றியபோது மூன்றாண்டுகளுக்கு முற்பட்ட பாடல்களும் படங்களும் கெட்டன என்னும் செய்தி 2019-ஆம் ஆண்டில் உலகறிந்தது. கூகிள் போட்டோஸ், படங்களை அளவின்றி இலவசமாய் ஏற்கும் முறையை 2021-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் முதல் நிறுத்திற்று. தீ, கவனக்குறைவு, விதி மாற்றம் என்னும் இம்மூன்றும் பிறன் பண்டகசாலைக்கு இயல்பாகவே உள்ள இடர்கள்.

வேண்டும் பொருள்கள்

இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய மடிக்கணினி ஒன்று போதும். அஃதில்லார், 2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவான கணிப்பொறி வகையினைக் கொள்ளலாம். 5 வாட்டு மின்சாரம் கொள்ளும் கருவியை 24 மணி நேரமும் 30 நாளும் ஓட்டினும் செலவு 3.6 யூனிட்டே. இவற்றோடு ஹார்டு டிஸ்க் இரண்டும், ரூட்டருடன் பிணைக்கும் கம்பி ஒன்றும் வேண்டும்.

இனி, மென்பொருள். யூனோஹோஸ்ட் என்பது கல்லாதார்க்கென்றே ஆக்கப்பட்டது. அதனை நிறுவியபின், கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, வேண்டும் சேவையைத் தெரிந்து பொத்தானை அழுத்தினால் அமையும். அதன்வழி முதலில் நெக்ஸ்ட்கிளவுடு என்னும் ஒன்றை மட்டும் நிறுவுக. பிராங்க் கார்லிட்செக் என்பாரும் தோழரும் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கட்டற்ற மென்பொருள், கோப்பு, நாட்காட்டி, முகவரி ஆகியவற்றைப் பேணும். செல்பேசியில் எடுத்த படங்களையும் தானே வாங்கி வைக்கும்.

செல்லும் முறை

முதற்கண், வீட்டுக்குள் மட்டும் வழங்குமாறு அமைக்க. ஒரு திங்களேனும் பழகிய பின்னரே வெளியூரிலிருந்து அணுகுதலைக் கருதுக. இல்லங்கள் பலவற்றுக்கு இணைய நிறுவனத்தார் பொது முகவரி ஒன்றையே பகிர்ந்தளித்தலின், வெளியிலிருந்து நேரே வீடு சேர்தல் பெரும்பாலும் இயலாது. அதன்பொருட்டு ரூட்டரின் வாயில்களைக் கண்டபடி திறந்து விடற்க. டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றை வீட்டுப் பொறியிலும் செல்பேசியிலும் நிறுவின், இரண்டற்கும் இடையே பிறர் காணா வழி ஒன்று உண்டாகும். இதிலும் பிறர் துணை உண்டென்பது மெய்யே. ஆயினும் நம் பொருள் அவர்பால் தங்குவதில்லை.

மின்னஞ்சல் சேவையைத் தொடக்கத்தில் நாமே நடத்த முயலற்க. வீட்டு முகவரியினின்று புறப்படும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் குப்பையெனத் தள்ளுதல் வழக்கம். மென்பொருளை வாரந்தோறும் புதுப்பிக்க. பாஸ்வேர்டை ஒரு குறிப்பேட்டில் எழுதி அலமாரியில் வைத்து, வீட்டார் ஒருவர்க்கு அறிவித்து வைக்க.

யான் இடறிய இடம்

இத்துணையும் செய்தவன் எல்லாம் முடிந்ததெனக் களித்தல் இயல்பு, யானும் களித்தேன். சென்ற விடுமுறையில் என் பாட்டியார் பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டுமாகப் பதினொரு பாடல்களைச் செல்பேசியிற் பதிந்து, என் பொறியில் ஏற்றினேன். செல்பேசியில் இடமின்மையால் அங்கிருந்தவற்றை அழித்தேன். மழையிரவு ஒன்றில் மின்சாரம் பன்முறை நின்றும் வந்தும் அலைத்தது. காலையில் பொறியிலிருந்த நினைவு அட்டை விழிக்கவில்லை. பாட்டியார் என்னைக் கடிந்திலர். மீண்டும் அமர்ந்து பாடினார். ஏழு பாடல்களே அவர் நினைவுக்கு வந்தன. நான்கு போயின, போயினவே.

அப்பிழைக்குப் பிறரை நோக யாதுமில்லை. குதிர் எனது, காவாதவனும் யானே. ஒரே படியை வீட்டில் வைத்தல், ஒரே படியைப் பிறனிடம் வைத்தலினும் மேலானதன்று.

படி எடுத்தல்

ஆதலின் நிறுவுதலினும் முன்னர்க் கற்க வேண்டுவது படி எடுத்தலே. பீட்டர் குரோ என்னும் நிழற்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 என்னும் விதி எளிது: படிகள் 3, அவற்றை வைக்கும் சாதன வகை 2, வேறிடத்தில் இருப்பது 1. பொறியில் ஒன்று, கழற்றி வைத்த டிஸ்கில் ஒன்று, உறவினர் வீட்டில் ஒன்று என அமைக்கலாம். செல்பேசியும் பொறியும் ஒத்தியங்குதலைப் படியென்று எண்ணற்க. ஒன்றில் அழிப்பின் மற்றொன்றிலும் அழியும். மூன்று திங்கட்கு ஒருமுறை ஒரு கோப்பினைப் படியினின்று மீட்டுப் பார்க்க. மீட்டுப் பாராத படி, உள்ளதோ இல்லதோ என ஐயுறத்தக்கதே. நினைவு அட்டையை நம்பாது எஸ்.எஸ்.டி. கொள்ளுதலும், சிறு யு.பி.எஸ். வைத்தலும் நன்று.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய பாடம் அன்று. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, ஊர்தோறும் கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கியே. ஓரிடத்தே ஏடு சிதைந்த வழி, பிறிதோரிடத்து ஏடு துணை செய்தது. பனையோலை வலியது என்று நம்பி ஒருவரும் பெயர்த்தெழுதாதிருந்தால், நாம் இன்று பயில யாது எஞ்சியிருக்கும்?

நண்பர்காள்! பிறனுக்குக் கூலி கொடாமை மட்டும் உரிமையாகாது. காத்தற் கடனையும் ஏற்பதே உரிமை. அக்கடனை ஏற்க மனமுடையார் இன்றே தொடங்குக. நேரமிலார் பிறனிடமே வைத்து, ஒரு படியையேனும் தம் கையில் கொள்க. வீட்டில் முதியோர் பாடுவாராயின், அதனைப் பதிந்து, அன்றிரவே மூன்று படி எடுத்த பின்னரே உறங்கச் செல்க.