மாட்டினால் போதுமா?

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் உள்ளது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. 2001-ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஊரிலேயே சிறு தொழில் செய்கிறார்கள்.

அங்கே ஒரு வீட்டில் அம்மாவும் மகனும் இருந்தார்கள். அம்மா துணி தைப்பவர். இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர். மகளிர் குழுவில் உறுப்பினர். மகன் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறான். அவனிடம் ஒரு நிக்கான் டிஜிட்டல் கேமரா இருந்தது. இரண்டு லென்சுகளும் இருந்தன.

ஒரு நாள் மகன் ஆவலோடு வந்தான்.

"அம்மா, பெங்களூரில் ஒரு கடையில் பழைய நிக்கான் கேமரா விற்பனைக்கு இருக்கிறது. பெரிய சென்சார் உள்ளது. விலை ரூ.40,000. குழுவில் கடன் கேளுங்கள். புது லென்ஸ் வாங்க வேண்டாம். என் லென்சே அதில் பொருந்துகிறது. நானே மாட்டிப் பார்த்தேன்."

அம்மா யோசித்தார். குழுவின் பணம் பதினைந்து பெண்களின் சேமிப்பு. கடன் வாங்கினால் மாதாமாதம் தவணை கட்ட வேண்டும்.

"கையெழுத்துப் போடும் முன் ஸ்டுடியோ தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்போம்" என்றார்.

ஸ்டுடியோ தாத்தா பிலிம் காலத்திலிருந்து படம் எடுப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் தாத்தாதான்.

லென்ஸ் தருவது வட்டப் படம்

தாத்தா அறையை இருட்டாக்கினார். ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார். தம் பழைய பிலிம் கேமராவின் லென்சைக் கழற்றினார். அதை ஜன்னலை நோக்கிப் பிடித்தார். அதன் பின்னால் நாலரை சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

தாளில் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. வெளியே நின்ற வேப்பமரமும் தெரிந்தது.

"படம் என்ன வடிவத்தில் இருக்கிறது, சொல்லம்மா."

"வட்டமாக இருக்கிறது, ஐயா!"

"ஆமாம். லென்ஸ் வட்டமானது. அது தரும் படமும் வட்டம்தான். அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது சென்சார். முன்பு பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் இருக்கிறது. வட்டத்தில் எந்தப் பகுதி அதன் மேல் விழுகிறதோ, அது மட்டுமே படமாகும். மற்ற ஒளி வீண்."

அடுத்து மகனின் லென்ஸ் ஒன்றை வாங்கினார். அதன் பின்பக்கம் உள்ள சிறு நெம்பைத் தள்ளி, உள்ளே இருக்கும் துளையை விரித்துப் பிடித்தார். தாளில் மறுபடியும் வட்டம் விழுந்தது. ஆனால் இந்த வட்டம் சிறியது.

மகன் முகம் மாறியது.

சென்சார் ஏன் நீள்சதுரம்?

"தாத்தா, படம் வட்டம் என்றால் சென்சாரையும் வட்டமாகச் செய்யலாமே?" என்று மகன் கேட்டான்.

"உன் அம்மா தட்டில் பர்பி போடுகிறார். அதை எப்படி வெட்டுகிறார்?"

"குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு வெட்டுவேன்" என்றார் அம்மா. "வட்டமாக வெட்டினால் இடையிடையே துண்டு வீணாகும்."

"சென்சாரும் அப்படித்தான். சிலிக்கான் தகட்டில் பல சென்சார்களைச் சேர்த்துச் செய்கிறார்கள். பிறகு நேர்கோட்டில் அறுக்கிறார்கள். வட்டமாக அறுத்தால் விலை உயர்ந்த தகடு வீணாகும். மேலும் ஆல்பம், டி.வி., செல்போன் திரை எல்லாமே நான்கு மூலை உள்ளவை. வட்டப் படத்தைக் கடைசியில் வெட்டித்தானே ஆக வேண்டும்?"

தாத்தா இன்னொரு செய்தியும் சொன்னார். ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னக் என்பவர் சினிமா பிலிமைக் கொண்டு சிறிய கேமரா ஒன்றைச் செய்தார். சினிமா படக்கட்டம் 24-க்கு 18 மில்லிமீட்டர். அவர் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கினார். 36-க்கு 24 மில்லிமீட்டர் ஆனது. அதுதான் லைக்கா கேமரா. அது 1925-இல் விற்பனைக்கு வந்தது. பிலிம் போன பின்பும் அந்த அளவு போகவில்லை. இன்று 'புல் பிரேம்' என்று சொல்லும் பெரிய சென்சாரின் அளவு அதுவே.

வேறு வடிவங்களும் உண்டு

எல்லாச் சென்சாரும் ஒரே வடிவம் அல்ல.

பெரிய சென்சாரில் நீளம் 3 பங்கு, அகலம் 2 பங்கு. மைக்ரோ போர் தேர்ட்ஸ் கேமராக்களில் 4-க்கு 3. அதன் அளவு 17.3-க்கு 13 மில்லிமீட்டர். பெரும்பாலான செல்போன்களிலும் 4-க்கு 3 தான்.

வட்டத்தை அதிகம் பயன்படுத்தும் நாற்கரம் சதுரம். 43 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 36-க்கு 24 கட்டம் அடங்கும். அது வட்டத்தின் பரப்பில் 100-க்கு 59 பங்கைப் பிடிக்கும். அதே வட்டத்தில் சதுரம் போட்டால் 100-க்கு 64 பங்கு கிடைக்கும். பழைய ஹாசல்பிளாட் பிலிம் கேமராக்கள் சதுரப் படம் எடுத்தன.

2009-இல் பானசோனிக் நிறுவனம் ஜி.எச்.1 என்ற கேமராவைக் கொண்டு வந்தது. அதன் சென்சார் லென்சின் வட்டத்தை விடச் சற்றுப் பெரியது. 4-க்கு 3, 3-க்கு 2, 16-க்கு 9 என்று எந்த வடிவம் கேட்டாலும் மூலைகள் வட்டத்தின் விளிம்பு வரை போகும்.

2022-இல் வந்த கோப்ரோ ஹீரோ 11 கேமராவில் 8-க்கு 7 என்ற, ஏறக்குறையச் சதுரமான சென்சார் இருந்தது. 2025-இல் வந்த ஐபோன் 17-இல் முன்பக்கக் கேமராவின் சென்சார் சதுரம். போனை நிமிர்த்திப் பிடித்தபடியே அகலப் படம் எடுக்கலாம். திருப்பிப் பிடிக்க வேண்டியதில்லை.

பொருந்துவது வேறு, போதுவது வேறு

"சரி தம்பி, உன் கதைக்கு வருவோம்" என்றார் தாத்தா. "உன் கேமராவின் சென்சார் சிறியது. ஏறத்தாழ 24-க்கு 16 மில்லிமீட்டர். அதற்கு 29 மில்லிமீட்டர் வட்டம் போதும். கடையில் உள்ள கேமராவுக்கு 43 மில்லிமீட்டர் வட்டம் வேண்டும். இரண்டிலும் லென்ஸ் மாட்டும் வாய் ஒன்றே. அதனால் லென்ஸ் பொருந்தும். ஆனால் வட்டம் போதாது."

"மாட்டினால் என்ன ஆகும், தாத்தா?"

"கேமராவே அதைக் கண்டுபிடித்து, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். 24 மெகாபிக்சல் கேமரா 10 மெகாபிக்சலாகச் சுருங்கும். அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்தால் நான்கு மூலையும் கறுத்துவிடும். மணமேடையில் ஓரத்தில் நிற்கும் அத்தையும் மாமாவும் இருட்டில் நிற்பார்கள். படம் கேட்டு வருபவர் சும்மா விடுவாரா?"

மகன் பேசவில்லை.

"கடைக்காரர் அடாப்டர் போட்டால் எல்லாம் சரியாகும் என்றாரே?" என்று அம்மா கேட்டார்.

"அடாப்டர் தூரத்தைத்தான் சரி செய்யும், அம்மா. வட்டத்தைப் பெரிதாக்காது. லென்சின் வாய்க்கும் சென்சாருக்கும் குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். பழைய நிக்கான் எப் வாயில் அது 46.5 மில்லிமீட்டர். 2018-இல் வந்த நிக்கான் இசட் வாயில் 16 மில்லிமீட்டர். பழைய லென்சைப் புதுக் கேமராவில் மாட்ட 30.5 மில்லிமீட்டர் இடைவெளியை அடாப்டர் நிரப்பும். ஆனால் புது லென்சைப் பழைய கேமராவில் மாட்ட முடியாது. இல்லாத இடத்தை நிரப்பலாம். இருக்கும் இடத்தைக் குறைக்க முடியுமா?"

அம்மா படித்த எழுத்து

தாத்தா இரண்டு லென்சுகளையும் அம்மா கையில் கொடுத்தார்.

"லென்சின் மேல் ஆங்கில எழுத்து இருக்கும். டி.எக்ஸ். என்று இருந்தால் சிறிய வட்டம். கேனன் கேமராவில் வெள்ளைச் சதுரப் புள்ளி இருந்தால் சிறிய வட்டம். சிவப்பு வட்டப் புள்ளி இருந்தால் பெரிய வட்டம். வெள்ளைப் புள்ளி லென்ஸ் பெரிய சென்சார் உள்ள பழைய கேனனில் மாட்டவே மாட்டாது."

அம்மா லென்சைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பஸ் எண்ணும் ஊர்ப்பெயரும் படிப்பதற்காக அவர் ஆங்கில எழுத்துகளையும் கற்றிருந்தார்.

"நீளமான லென்சில் டி.எக்ஸ். இருக்கிறது. குட்டையான லென்சில் அந்த எழுத்து இல்லை. 50 என்று இருக்கிறது."

"சரியாகச் சொன்னாய். 50 லென்ஸ் பெரிய சென்சாருக்கும் ஆகும். இப்போது உன் மகனின் சிறிய கேமராவில் அது 75 போலத் தெரியும். ஒன்றரை மடங்கு நெருக்கம். முகம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் கூட்டத்தை எடுக்க அகல லென்ஸ் வேண்டும். பெரிய கேமரா வாங்கினால் அதற்கும் தனியாகப் பணம் வேண்டும்."

மகன் விரலால் கணக்குப் போட்டான். ரூ.40,000 போதாது என்று தெரிந்தது.

"அம்மா, கடன் இப்போது வேண்டாம்" என்றான். "இருக்கும் கேமராவிலேயே தை மாதக் கல்யாணங்களை எடுக்கிறேன். கையில் பணம் சேரட்டும். முதலில் பெரிய வட்டம் தரும் அகல லென்ஸ் ஒன்று வாங்குகிறேன். அது இந்தக் கேமராவுக்கும் ஆகும், நாளை வாங்கும் கேமராவுக்கும் ஆகும்."

அம்மா கடன் மனுவை நான்காக மடித்துத் தையல் பெட்டிக்குள் வைத்தார்.

பழைய கேமராவோ லென்சோ வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. வாய் பொருந்துகிறதா?
2. லென்சின் வட்டம் சென்சாரை முழுவதும் மூடுகிறதா?
3. தானாகக் குவியம் பிடிக்கிறதா? (சில நிக்கான் கேமராக்களில் அதற்கான மோட்டார் இல்லை. அவற்றில் மோட்டார் இல்லாத பழைய லென்சைக் கையால் திருப்பித்தான் குவிக்க வேண்டும்.)
4. கடையிலேயே வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பார்த்தீர்களா?

செய்து பாருங்கள்

ஒரு தாளில் 43 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் போடுங்கள். அதற்குள் 36-க்கு 24 கட்டம் வரையுங்கள். நான்கு மூலைகளும் எங்கே வருகின்றன? அதே நடுப்புள்ளியில் 29 மில்லிமீட்டர் வட்டம் போடுங்கள். எந்த மூலைகள் வெளியே நிற்கின்றன?

பேசுங்கள்

1. லென்ஸ் பொருந்தியும் மகனுக்கு ஏன் பயன்படவில்லை?
2. வட்டச் சென்சார் ஏன் செய்வதில்லை?
3. உங்கள் குழுவில் கடன் கொடுக்கும் முன் என்னென்ன விசாரிக்கிறீர்கள்?