லூசில் பாலும் மூன்று கேமராக்களும்



தொலைக்காட்சி நகைச்சுவையின் இலக்கணத்தை எழுதியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் லூசில் பால். 1911 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தொலைபேசிக் கம்பி வேலை பார்த்த தந்தை டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு மூன்று வயது. பதின்வயதில் நியூயார்க் நகரத்து நடிப்புப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். வாய் திறக்கவே கூச்சம். இவருக்கு நடிப்பு வராது என்று சொல்லிப் பள்ளி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. அதே பள்ளியில் உடன் பயின்ற பெட் டேவிஸ் பின்னாளில் இரண்டு ஆஸ்கர் விருதுகள் வாங்கினார். லூசிலோ மறுபடி நகரத்துக்கு வந்து, ஆடை அலங்கார மாடலாகவும் சிகரெட் விளம்பரப் பெண்ணாகவும் வேலை பார்த்தார்.

1933இல் ஹாலிவுட். ‘ரோமன் ஸ்கேண்டல்ஸ்’ படத்தில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருத்தி. பிறகு ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் சிறு வேடங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலம் அது. செலவு குறைந்த இரண்டாவது படத்துக்கு ‘பி படம்’ என்று பெயர். அப்படிப்பட்ட படங்களில் அவர் அடிக்கடி தலைகாட்டியதால் ‘பி படங்களின் ராணி’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. பாராட்டும் கேலியும் பாதிப் பாதி. 1940இல் ஒரு படப்பிடிப்பில் சந்தித்த கியூப இசைக்குழுத் தலைவர் டெசி அர்னாஸை அந்த ஆண்டே மணந்தார். 1942இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு மாறிய பிறகு பழுப்பு முடி செஞ்சாயம் ஏறி, அவருடைய அடையாளமே ஆனது. அந்த நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் படங்கள் அல்ல, பஸ்டர் கீட்டன். மௌனப்பட மேதையான கீட்டன் அப்போது செல்வாக்கிழந்து, அங்கே நகைச்சுவைக் காட்சிகளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கையில் எடுக்கும் பொருளோடு எப்படிப் பழகுவது, அது தன்னை ஏமாற்றுவதுபோல எப்படிக் காட்டுவது என்பதை லூசில் அவரிடம் கற்றார்.

1948இல் சி.பி.எஸ். வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் என்ற மூன்று எழுத்தாளர்கள் அதன் வழியே அவருக்கு அமைந்தார்கள். தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக நிறுவனம் விரும்பியபோது, கணவனாக அர்னாஸ்தான் நடிக்க வேண்டும் என்றார் லூசில். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கியூபக் கணவனா, பார்வையாளர் ஏற்கமாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. தம்பதியர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1950இல் இருவருமாக ஊர் ஊராக மேடையேறி, மக்கள் சிரிப்பதைக் காட்டிவிட்டார்கள்.

அடுத்த தடை, படம்பிடிக்கும் முறை. அன்று பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் நேரலையாக நடந்தன. மேற்குக் கரையில் இருந்தவர்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்த மங்கலான நகல்தான் கிடைக்கும். லூசிலும் அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். பெரும்பாலான பார்வையாளர்கள் இருந்த கிழக்குக் கரைக்கு மங்கல் நகலை அனுப்ப சிகரெட் விளம்பரதாரர் சம்மதிக்கவில்லை. திரைப்படத்துக்குப் பயன்படும் 35 மி.மீ. பிலிமிலேயே எடுத்துவிடலாம் என்பது அர்னாஸ் தரப்பின் தீர்வு. செலவு கூடும், அதற்கு ஈடாகத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், படச்சுருள்களின் உரிமை எங்கள் ‘டெசிலு’ நிறுவனத்துக்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஒருமுறை காட்டிய நிகழ்ச்சிக்கு மறுமதிப்பு உண்டு என்று அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை. கேட்டது கிடைத்தது.

லூசில் பார்வையாளர் எதிரில் இருந்தால்தான் களைகட்டுவார். ஆகவே அரங்கில் ஏறத்தாழ 300 பேரை உட்கார வைத்து, நாடகம்போல வரிசையாக நடித்து, மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஒன்று முழுக் காட்சியைப் பிடிக்கும். மற்ற இரண்டும் முகங்களை நெருங்கும். கோணத்துக்குக் கோணம் விளக்கை மாற்ற நேரமில்லாததால், எல்லாக் கோணத்துக்கும் பொருந்தும் சமமான மேல்வெளிச்சத்தை அமைத்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பல கேமரா வைத்து எடுப்பது இவர்கள் கண்டுபிடித்ததாக அடிக்கடி எழுதப்படுகிறது; அது மிகை. பிலிம், பல கேமரா, நேரடிப் பார்வையாளர் மூன்றையும் வாரந்தோறும் ஓடக்கூடிய ஒரு முறையாக நிலைநிறுத்தியது இவர்கள் பணி. சிட்காம் எனப்படும் வாராந்தர வீட்டு நகைச்சுவைத் தொடர்கள் பலவும் பிறகு இந்த முறையைப் பின்பற்றின.

‘ஐ லவ் லூசி’ 1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை தொடங்கியது. லூசிலுக்கு வயது நாற்பது. இசைக்குழுத் தலைவன் ரிக்கி ரிக்கார்டோவின் மனைவி லூசிக்கு எப்படியாவது மேடையேற வேண்டும். ஒவ்வொரு வாரமும் அந்த ஆசை ஒரு விபரீதத்தில் முடியும். எளிய கதைதான். வீட்டுக்காரத் தம்பதியாக விவியன் வான்ஸும் வில்லியம் ஃபிராலியும் நடித்தார்கள். 1952இல் வந்த ஒரு பகுதியில் லூசி சத்து மருந்துக்கு விளம்பரம் செய்கிறாள். மருந்தில் 23 சதவீதம் ஆல்கஹால். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கரண்டி குடிக்கக் குடிக்க, அதே வசனம் படிப்படியாகக் குழறுகிறது. எந்த வரியில் எந்த எழுத்து வழுக்க வேண்டும் என்பதுவரை திட்டமிட்ட குழறல். அதே ஆண்டின் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியில் மிட்டாய் நகரும் பட்டை வேகமெடுக்க, லூசியும் வான்ஸ் நடித்த வீட்டுக்காரி எத்தலும் மிட்டாய்களை வாயிலும் தொப்பியிலும் திணிக்கிறார்கள். பார்ப்பவருக்கு எல்லாம் அந்தக் கணத்தில் தோன்றியதுபோல இருக்கும். உண்மையில் நாள்கணக்கில் ஒத்திகை. உடலால் செய்ய வேண்டிய சேட்டைகளை எழுத்தாளர் மேடலின் பியூ தாமே முதலில் செய்து பார்ப்பார். சிரிப்பு எத்தனை நேரம் நீளும் என்று காத்திருந்து அடுத்த வரியைச் சொல்லும் கணக்கை, நடிக்க விரும்பும் எவரும் இந்தப் பகுதிகளில் நேரடியாகப் பார்த்துக் கற்கலாம்.

லூசில் கருவுற்றபோது அதையே கதையாக்கினார்கள். ‘கர்ப்பம்’ என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் உச்சரிக்க அனுமதி கிடைக்கவில்லை. பாதிரியார்களும் யூத குருவும் கதைப்பிரதிகளைப் படித்துப் பார்த்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று லூசிலுக்கு அறுவை சிகிச்சையில் மகன் பிறந்தான். அன்றிரவே திரையில் லூசிக்கும் மகன் பிறந்தான். அதை 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். மறுநாள் அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்புக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், 1936இல் கம்யூனிஸ்ட் வாக்காளராகப் பதிவு செய்ததற்காக அவரை விசாரித்தார்கள். தாத்தாவின் மனம் குளிரப் பதிந்தது என்று விளக்கினார். கம்யூனிஸ்டுகளைத் தேடி நடந்து, பலருடைய வாழ்க்கையை அழித்த விசாரணை அது. அவர் தப்பித்ததில் அவருடைய புகழுக்கும் பங்குண்டு.

ஆறு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த தொடர் 1957இல் நின்றது. விட்டுக்கொடுத்த உரிமையை சி.பி.எஸ். பல லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஒருகாலத்தில் சிறு வேடம் தந்த ஆர்.கே.ஓ.வின் படப்பிடிப்புத் தளங்களையே டெசிலு விலைக்கு வாங்கியது. 1960இல் மணமுறிவு. 1962இல் அர்னாஸின் பங்கையும் வாங்கிய லூசில், பெரிய தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றை நடத்திய முதல் பெண் ஆனார். ‘ஸ்டார் டிரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ இரண்டும் 1966இல் டெசிலுவிலிருந்து வந்தவை. மறு ஆண்டே நிறுவனத்தை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார்.

‘தி லூசி ஷோ’, ‘ஹியர்ஸ் லூசி’ என்று 1974வரை அவர் திரையில் இருந்தார். நடிப்புக்கு நான்கு எம்மி விருதுகள். 1986இல் 75 வயதில் ‘லைஃப் வித் லூசி’ தொடரில் பழைய சேட்டைகளையே முயன்றார். அந்த வயதில் ஒருவர் ஏணியில் ஏறினால் பார்ப்பவருக்குச் சிரிப்புக்கு முன்னே பதற்றம் வருகிறது. எட்டுப் பகுதிகள் ஒளிபரப்பானபின் தொடர் நிறுத்தப்பட்டது. 1989 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், இதயப் பெருந்தமனிக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை நடந்த சில நாட்களில், லூசில் பால் காலமானார். ஜேம்ஸ்டவுனில் அவர் பெயரிலும் அர்னாஸ் பெயரிலும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.