பெரியவர்கள் வந்து போகும் கடைவீதி



எங்கள் மண்டியோடு சேர்ந்த சில்லறைக் கடைக்கு முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். பற்றில் பாக்கி இல்லை. சரக்கில் குறை சொன்னதும் இல்லை. வேறு கடைக்கு மாறிவிட்டார் என்று எண்ணி நாங்களும் விட்டுவிட்டோம். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, "ஏனுங்க, கடைப் பக்கமே காணோமே?" என்று கேட்டோம். "கடைய ஒசத்திக் கட்டிப்போட்டீங்க. எனக்கு முட்டி ஏறமாட்டேங்குதுங்க" என்றார்.

சாலை போடும்போதெல்லாம் உயர்ந்துகொண்டே வந்ததால் மழைத்தண்ணீர் கடைக்குள் வந்தது. அரிசி மூட்டை நனையாதிருக்கத் தளத்தை உயர்த்தி, ஒன்றரை அடிக்கு இரண்டே படி வைத்திருந்தோம். மூட்டையைப் பற்றி யோசித்த நாங்கள் ஆளைப் பற்றி யோசிக்கவில்லை. அவரோடு சேர்ந்து அந்த வீட்டின் மாதச் சிட்டையும் வேறு கடைக்குப் போயிருந்தது.

இந்த மாதப் பாடம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. வியாபாரம் குறைந்தால் விலையைப் பார்க்கிறோம், எதிர்க்கடையைப் பார்க்கிறோம். நம் வாசற்படியைப் பார்ப்பதில்லை.

நம் ஊர் நிலைமை

பெருமாநல்லூரில் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் திருப்பூர்–கோபி சாலையும் சந்திக்கின்றன. வண்டிகளுக்குக் குறைவில்லை. காலையில் மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் பகலில் வீட்டிலிருப்பவர்கள் பெரியவர்களே. அவசரத்துக்குப் பருப்பு, எண்ணெய், பேரனுக்கு பிஸ்கட் என்று கடைக்கு நடப்பவர்களும் அவர்களே.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். இந்திய அளவில் அது 8.6. நம் வாடிக்கையாளரில் எத்தனை பேர் தலை நரைத்தவர்கள் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து ஒருநாள் எண்ணினாலே தெரியும்.

மற்ற ஊர்கள் காட்டும் வழி

உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியோரிடம் கருத்துக் கேட்டு, முதியோருக்கு ஏற்ற நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று 2007-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. புதுதில்லியும் உதய்ப்பூரும் அந்த 33-ல் உண்டு. நடைபாதை, உட்கார இடம், போக்குவரத்து, மரியாதை முதலியவற்றோடு, முதியோருக்குத் தனி வரிசை, தனிக் கவுண்டர் என்ற யோசனையும் அதில் இருக்கிறது. நம் வாசலில் ஓடும் நெடுஞ்சாலையின் மறுமுனையான கொச்சி, அந்நிறுவனத்தின் முதியோர் நேய நகரங்களின் கூட்டமைப்பில் சேர்ந்திருக்கிறது.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஊர் ஜப்பானில் டோக்கியோ நகரத்துச் சுகாமோ. அங்கே ஏறக்குறைய 800 மீட்டர் நீளக் கடைவீதியில் சுமார் 200 கடைகள். பக்கத்தில் நோய் தீர்க்கும் என்று நம்பப்படும் ஜிஸோவின் கோயில். 4, 14, 24 தேதிகளில் சந்தை. நம் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்தன்று கூடும் கூட்டம் நமக்குத் தெரியும். அங்கே மாதம் மூன்று முறை கூடும் கூட்டத்தில் பெரும்பாலோர் பாட்டிமார்கள். கடைக்காரர்கள் அவர்களுக்கேற்பப் பெரிய எழுத்தில் விலை எழுதினார்கள், அவர்கள் தேடும் சரக்கை வைத்தார்கள். அந்த வீதியில் பேர்போன சரக்கு எது தெரியுமா? உடம்புக்குச் சூடு, அதிர்ஷ்டம் என்று முதியோர் வாங்கும் சிவப்பு உள்ளாடை! பனியன் ஊர்க்காரர்களான நாம் இதை யோசிக்க வேண்டும். முதியோரை மதித்ததால் அந்த வீதி நலிந்துவிடவில்லை. அதனாலேயே பெயர் பெற்றது.

நாம் செய்ய வேண்டியவை

1. படி: சாய்தளம் வைக்க ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் தேவை என்பது கட்டடக் கணக்கு. அவ்வளவு இடம் நம்மில் பலருக்கு இல்லை. குறைந்த நீளத்தில் செங்குத்தாக வைத்தால் வழுக்கி விழுவார்கள். இடமில்லாதவர்கள் ஒவ்வொரு படியும் 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் பிரித்துக் கட்டி, ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய் போடலாம். படியின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு இழுத்துவிட்டால் பார்வை மங்கியவருக்கும் தெரியும். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம்.

2. நடைபாதை: மூட்டை, எண்ணெய் டின், விளம்பரப் பலகை, பைக் எல்லாம் நடைபாதையில் நின்றால் பெரியவர்கள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியதுதான். இந்தக் குற்றம் நம்முடையது. இதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது.

3. நாற்காலி: ஒரு நாற்காலி, ஒரு சொம்பு தண்ணீர். சிட்டையை வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

4. சின்னப் பொட்டலம்: தனியாக இருப்பவருக்கு 25 கிலோ சிப்பம் எதற்கு? கால் கிலோ, அரைக் கிலோ கேட்டால் முகம் சுளிக்கக்கூடாது. 2022 ஜூலை 18 முதல் பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோதும், உதிரியாக எடைபோட்டுத் தருவதற்கு வரி விதிக்கப்படவில்லை. கண்முன் எடைபோட்டு, தராசின் எண் அவர் பக்கம் தெரியும்படி வைத்தால் பேச்சுக்கே இடமில்லை. கனமான சரக்கை இரண்டு பையாகப் பிரித்துக் கொடுங்கள்.

5. பணம்: "போனில் போடுங்க" என்று அவசரப்படுத்தக்கூடாது. 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று பெரியவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. முதியோர் உதவித்தொகையை நம்பி வாழ்பவருக்குப் பற்று கொடுக்கலாம். ஆனால் அதற்கு ஈடாக அவருடைய ஏ.டி.எம். அட்டையையோ ரகசிய எண்ணையோ வாங்கி வைத்துக்கொள்வது மகா தவறு. அப்படிச் செய்பவர் நம் சங்கத்தில் யாராவது இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

6. வீட்டுக்கு அனுப்புதல்: 70 வயதைக் கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டத்தைத் தமிழக அரசு 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கியது. ரேஷன் கடையே வாசலுக்குப் போகும்போது நாம் ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்ப முடியாதா? ஆயினும் நடந்து வரக்கூடியவரை வீட்டிலேயே இருத்திவிட வேண்டாம். பலருக்குக் கடைக்கு வருவதும் நாலு பேரிடம் பேசுவதும்தான் அன்றைய பொழுது.

7. விசாரிப்பு: தினமும் வருபவர் நான்கு நாள் வராவிட்டால் ஆளனுப்பிக் கேளுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567 நாடு முழுவதற்கும் 2021-ல் தொடங்கப்பட்டது. அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லா அருகே மாட்டலாம்.

சங்கம் செய்ய வேண்டியது

சாலையைப் பத்திரமாகக் கடக்க வழி, பஸ் நிற்குமிடத்தில் நிழலும் பெஞ்சும், சுத்தமான கழிப்பறை ஆகியவை தனிக்கடைக்காரரால் ஆகாதவை. உள்ளாட்சி மன்றத்திடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் சங்கம் சேர்ந்து கேட்க வேண்டும். நம் நடைபாதையை முதலில் காலி செய்துவிட்டுப் போனால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்கும்.

எங்கள் கடையில் இரண்டு படியை மூன்றாக்கி, கைப்பிடி வைத்தோம். ஒருநாள் வேலை, ஒரு கொத்தனார், கொஞ்சம் சிமெண்ட். பெரியவர் இப்போது வாரம் ஒருமுறை வருகிறார், மாதச் சிட்டையும் வருகிறது. இதை எழுதும் நாங்களும் அறுபதைத் தாண்டியவர்கள். எங்கள் முட்டியும் அந்தக் கைப்பிடியைத்தான் தேடுகிறது. உங்கள் கடைப்படியை நாளைக் காலை கடை திறக்கும்போது ஒருமுறை அளந்து பாருங்கள்.