மலைவீட்டுப் புத்தக அலமாரி: ஏலகிரிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

ஏலகிரியில் வீடு கட்டியவர்களும், விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அறை விடுகிறவர்களும் கூடத்தில் ஒரு புத்தக அலமாரி வைக்க ஆசைப்படுவார்கள். நல்ல ஆசை. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளேயே வந்துவிடும். எதை வாங்குவது, வாங்கியதை எப்படிக் காப்பது என்ற இரண்டையும் சேர்த்து யோசித்தால்தான் அலமாரி நிலைக்கும்.

1. முதல் பத்துப் புத்தகங்களை மலைக்குக் கீழே இருக்கும் ஊர்களிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர், ஆற்காடு, செங்கம். காலையில் படித்த இடத்தை மாலைக்குள் போய்ப் பார்த்துவிடலாம். உலக இலக்கியம் அதற்கு அடுத்த தட்டில் வரட்டும்.

2. வரலாற்றுக்கு ந. சஞ்சீவியின் 'வேலூர்ப் புரட்சி' முதல் புத்தகமாக இருக்கட்டும். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்பே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி அன்றைக்கே அதை அடக்கினார். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள்தாம் பொறி. அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு சின்னமும் இருந்தது. தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே வாழும் நமக்கு இந்தச் செய்தி தனியாக உறைக்கும். புத்தகத்தை முடித்த வாரமே கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

3. வரலாற்று நூலையும் நாவலையும் ஜோடியாக வாங்குங்கள். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிபு, முசாபர் ஜங், பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம், நவாப் மறு பக்கம். அந்தக் காலத்து அரசியலை உள்ளிருந்து காட்டுவது, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் எழுதத் தொடங்கினார். நேரே நாட்குறிப்புக்குள் நுழைந்தால் பழைய நடையும் பெயர்க் கூட்டமும் திணறடிக்கும். முதலில் அதே காலத்தைச் சொல்லும் பிரபஞ்சனின் நாவல் 'மானுடம் வெல்லும்', பிறகு சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'வானம் வசப்படும்', அதற்கப்புறம் நாட்குறிப்பு. இந்த வரிசையில் படித்தால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் இருக்கும்.

4. நாவல் தட்டில் மூன்று பேர் கட்டாயம். மு. வரதராசன் திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்தவர். அவருடைய 'அகல் விளக்கு' வாலாசாவில் தொடங்குகிறது, 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் 'தகப்பன்கொடி', 'வல்லிசை' இரண்டும் இந்த மண்ணின் ஒடுக்கப்பட்ட மக்களின் குரல். அவற்றை விட்டுவிட்டு இந்தப் பகுதியை அறிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம். டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர் கதைதான். ஆனாலும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற கால்களுக்கு ஊர் வேறுபாடு கிடையாது. வாணியம்பாடியில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். புத்தகத்தில் இல்லாததை அவர் சொல்வார், எழுதி வையுங்கள்.

5. பண்பாட்டுக்கு, தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்'. ஊர் மாட்டை மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு நட்ட கல்லை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் கல்லைத் தாண்டிப் போக மனம் வராது.

6. தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதி. முழுதும் வாங்க வேண்டாம். 1909இல் வந்த அந்த நூல், மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து தரம் பிரித்த காலத்துச் சிந்தனையைச் சுமந்தது. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பற்றிய பகுதியை மட்டும் நூலகத்தில் படித்துவிட்டு, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழங்கும் கதையை நிலாவூரிலோ அத்தனாவூரிலோ பெரியவர்களிடமே கேளுங்கள்.

7. மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டியில் ஏறும்போது பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுக்காதீர்கள், குமட்டும். கபிலர் வளைவில் கபிலர் கதை, பாரி வளைவில் முல்லைக்குக் கொடுத்த தேர் என்று வாயால் சொல்லுங்கள். புறநானூற்றுக் கதைகளை எளிமையாகச் சொல்லும் புத்தகம் ஒன்று வீட்டில் காத்திருக்கட்டும்.

8. தோல் அட்டை வேண்டாம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தோல் மலிவாகக் கிடைக்கிறது, பழைய புத்தகத்துக்குத் தோல் பைண்டிங் போட்டால் அழகாக இருக்குமே என்று தோன்றும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோல் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. அங்கே புத்தக அட்டைகள் ஏன் இப்படி உதிர்கின்றன என்று ஆராய, 1900இல் கலைச் சங்கம் ஒரு குழு அமைத்தது. வேறு பல வேலைகளுக்குப் பொருத்தமான இந்தத் தோல் புத்தக அட்டைக்கு மிக மோசம், ஒரு வருடத்துக்குள்ளேயே சிதைவு தெரிகிறது என்று குழு கண்டது. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் காற்றிலிருக்கும் கந்தகப் புகையை இழுத்து அமிலமாக்கிவிடும். தோல் செங்கல் தூள் மாதிரி கையில் ஒட்டும். இன்று ஆம்பூரில் பெரும்பாலும் குரோம் பதனீடு. செருப்புக்கும் ஷூவுக்கும் அது அருமை, ஆனால் பொன்னெழுத்து அதில் சரியாகப் பதியாது. காலிகோ துணி போட்டுத் தைத்த பைண்டிங்கே நமக்குச் சரி. வீட்டில் ஏற்கெனவே தோல் அட்டை நூல்கள் இருந்தால் எண்ணெய், பாலிஷ் எதுவும் தடவாமல் பருத்தித் துணியில் சுற்றி, மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே வையுங்கள்.

9. அலமாரியை வெளிச்சுவரில் சாத்தாதீர்கள். உள்சுவர்ப் பக்கம், நாலு விரல் இடைவெளி விட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். இறுக மூடும் பீரோவில் ஈரம் சிறைப்பட்டுப் பூஞ்சை பிடிக்கும். புத்தகங்களை நெருக்கித் திணிக்கவும் கூடாது.

10. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாதீர்கள். தட்டுக்கு நாலைந்து வையுங்கள். நீல மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். மணிகளைத் தட்டில் கொட்டிச் சூடாக்கி உலர்த்தினால் மீண்டும் உழைக்கும்; குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

11. ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை என்றால் உயிர். வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை ஓரளவு விரட்டும். மாதம் ஒருமுறை புத்தகத்தை எடுத்துப் புரட்டித் தூசி தட்டுவது அவற்றைவிடப் பலன் தரும். பூச்சி அரித்த புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் கழித்துத்தான் பையைப் பிரிக்க வேண்டும்.

12. நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், தாள் முறுகும். மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்துங்கள். வழவழப்பான படத்தாள்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்தால் ஒட்டாது. பூஞ்சை பிடித்திருந்தால் நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

13. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். மெல்லிய தாளில் நீர்த்த மாவுப் பசை போதும்.

14. பதிப்பில் இல்லாத பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் தேடிப் பாருங்கள். மலையில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஜோலார்பேட்டையில் இறங்கியதுமே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.